தேரை சாசேஜ்: வடக்குக் குவோலுக்குக் கொடுக்கப்படும் 15 கிராம் பாடம், ஒரு மதிப்பீடு

கடையில் கிடைக்காத பொருள் இது. தோலுரித்த தேரைக் கால்களைக் கொத்திய இறைச்சி 15 கிராம், 2 கிராமுக்கும் குறைவான குட்டித் தேரை ஒன்று முழுதாக, தையாபெண்டசோல் என்ற குடற்புழு மருந்து 0.06 கிராம். மூன்றையும் செயற்கை சாசேஜ் உறைக்குள் அடைத்தால் வேலை முடிந்தது. வட ஆஸ்திரேலியாவின் பாறைக் குன்றுகளில் வாழும் வடக்குக் குவோல் என்ற ஊனுண்ணிப் பைப்பாலூட்டி கரும்புத் தேரையைக் கடித்துச் சாகாமல் இருக்க, ஆய்வாளர்கள் உருவாக்கிய தூண்டிரை இது. குவோல் ஒருமுறை தின்னும், வயிறு குமட்டும், அடுத்த முறை தேரை வாடை வந்தாலே ஒதுங்கிவிடும். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்களே, அதை மருந்தளவு கணக்கிட்டுச் செய்திருக்கிறார்கள்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒரு தனி விலங்கின் உயிரைத் தேரையிடமிருந்து காப்பாற்றுவதில் இது சொன்னதைச் செய்கிறது. ஒரு கூட்டம் முழுவதையும் காப்பாற்ற, சரியான மாதத்தில், சரியான பாறையில், ஆண்டுதோறும் வைக்க வேண்டும். அதோடு பூனை, டிங்கோ என்ற காட்டுநாய், காட்டுத்தீ மூன்றையும் கவனிக்க வேண்டும். சாசேஜை மட்டும் போட்டுவிட்டு நடையைக் கட்டும் திட்டத்துக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

இப்படி ஒரு பொருள் ஏன் தேவைப்பட்டது என்பதற்குச் சட்டத்திலிருந்து தொடங்க வேண்டும்.

ஆஸ்திரேலியக் கூட்டரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு மற்றும் உயிரினப் பன்மைக் காப்புச் சட்டம் 1999-இல் இயற்றப்பட்டது. அதன் கீழ் வடக்குக் குவோல் 2005-இல் 'அருகிவரும் இனம்' என்று பட்டியலில் ஏறியது. வட ஆட்சிப்பகுதியின் தனிச்சட்டத்தில் இன்னும் ஒரு படி மேலே, 'மிக அருகிய இனம்'. மேற்கு ஆஸ்திரேலியாவிலும் மாநிலச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. பட்டியலில் ஏறிய இனத்துக்குக் கணிசமான பாதிப்பு வரக்கூடிய எந்தச் செயலையும் கூட்டரசு அமைச்சரின் ஒப்புதல் இல்லாமல் செய்யக்கூடாது என்கிறது 1999 சட்டத்தின் 18-ஆம் பிரிவு. சுரங்கம் தோண்டுபவர், ரயில்பாதை போடுபவர், அணை கட்டுபவர் எல்லாரும் இதில் மாட்டுவார்கள். குவோலுக்கென்றே தனி வழிகாட்டுதலும் உண்டு: குன்றுச் சரிவு, செங்குத்துப் பாறை, பள்ளத்தாக்கு, மேசைக்குன்று, பாறைக் குவியல் ஆகியவை இனம் பிழைக்க இன்றியமையாத இடங்கள், அங்கே வேலை தொடங்குமுன் கேமரா வைத்தும் கூண்டு வைத்தும் கணக்கெடு என்று அது சொல்கிறது. இந்த அளவில் சட்டம் நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது.

ஆனால் குவோலைக் கொல்வதில் முதலிடம் பிடித்திருப்பது எந்த நிறுவனமும் அல்ல. கரும்பு வண்டைத் தின்னும் என்று நம்பி 1935-இல் ஹவாயிலிருந்து குயின்ஸ்லாந்துக்குக் கொண்டுவரப்பட்ட தேரை அது. வண்டை அது ஒழிக்கவில்லை. மேற்கே நகர்ந்து நகர்ந்து 1980-களில் வட ஆட்சிப்பகுதிக்குள் நுழைந்தது. 2001-இல் ககாடு தேசியப் பூங்காவை எட்டியது. 2009-இல் மேற்கு ஆஸ்திரேலிய எல்லையைத் தாண்டியது. படையெடுப்பின் முன்வரிசை ஆண்டுக்குச் சுமார் 50 கிலோமீட்டர் நகர்கிறது. போகும் வழியெல்லாம் குவோல் கூட்டங்கள் சில ஆண்டுகளுக்குள் சரிந்தன. ககாடுவில் ஒருகாலத்தில் சாதாரணமாகத் தென்பட்ட விலங்கு, தேரை வந்தபின் பல இடங்களில் அடியோடு காணாமல் போயிற்று.

தேரையின் நச்சு விளைவையும் அதே 2005-இல் 'முக்கிய அச்சுறுத்தல்' என்று அதே சட்டத்தின் கீழ் பட்டியலிட்டார்கள். 2011-இல் அச்சுறுத்தல் குறைப்புத் திட்டம் ஒன்றும் வந்தது. இத்தகைய திட்டம் கட்டுப்படுத்துவது கூட்டரசு அமைப்புகளைத்தான். மாநிலத்தையோ நில உரிமையாளரையோ கட்டாயப்படுத்தும் பல் அதற்கு இல்லை. இருந்திருந்தாலும் பயன் குறைவு. பெருநிலப்பரப்பு முழுவதும் தேரையை அழிக்கும் கருவி யாரிடமும் கிடையாது. அனுமதி கேட்டு வராத எதிரியை அனுமதி முறையால் தடுக்க முடியாது. 2010-இல் வந்த தேசிய மீட்புத் திட்டம் தேரை எட்டாத தீவுகளைக் காப்பதை முன்னிறுத்தியதும் இதனால்தான். ஆகவே நிலப்பரப்பில் எஞ்சிய வழி ஒன்று: தேரையை மாற்ற முடியாது என்றால் குவோலின் நாக்கை மாற்றுவது.

இனி பொருளுக்கு வருவோம். உள்ளே இருக்கும் மூன்றுக்கும் மூன்று வேலை.

கால் இறைச்சி வயிற்றை நிரப்பும் பகுதி. தேரையின் நஞ்சு பெரும்பாலும் தோள்மேல் இருக்கும் பெரிய சுரப்பிகளிலும் தோலிலும் முட்டையிலும் இருக்கிறது. இதயத்தைத் தாக்கி நிறுத்தும் வகை நஞ்சு அது. காலின் தசையில் அது மிகக் குறைவு. எனவே தோலை முழுதாக உரித்த கால் மட்டுமே பயன்படும். உடற்பகுதியைச் சேர்க்கக்கூடாது, பெண் தேரையின் சினைப்பையைத் தவறிக்கூடச் சேர்க்கக்கூடாது. உரிக்கும் கத்தி தோள் சுரப்பியில் பட்டால் அந்தக் கத்தியோடு தொடரக்கூடாது. கையுறை, கத்தி, பலகை எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். பாடம் சொல்லப் போன இடத்தில் பால்போன்ற அந்த நஞ்சு இறைச்சியில் கலந்தால் பாடமே கொலையாகிவிடும்.

குட்டித் தேரை மணத்துக்கு. வெறும் கால் இறைச்சியைத் தின்று குமட்டிய குவோல் 'இறைச்சி' என்றோ 'இந்த உறை' என்றோ எதை வேண்டுமானாலும் வெறுக்கலாம். தோலோடு, வாடையோடு, முழு உருவத்தோடு ஒரு தேரை உள்ளே இருந்தால்தான் வெறுப்பு உரிய முகவரிக்குப் போகும். தலைப்பிரட்டை நிலை தாண்டிப் புதிதாகக் கரையேறிய குட்டியில் நஞ்சின் மொத்த அளவு குறைவு என்பதால்தான் 2 கிராம் என்ற வரம்பு. இந்த வரம்பை யாரும் தளர்த்தக்கூடாது. 'கொஞ்சம் பெரியதுதான் கிடைத்தது' என்று 5 கிராம் தேரையைச் செருகுவது பொறுப்பற்ற வேலை.

மருந்து குமட்டலுக்கு. தையாபெண்டசோல் ஆடுமாடுகளுக்குக் குடற்புழு நீக்கப் பல பத்தாண்டுகளாகக் கொடுக்கப்பட்டு வந்தது. பழங்களில் பூஞ்சை தடுக்கவும் பயன்படுகிறது. இதில் மணமும் சுவையும் ஏறத்தாழ இல்லை என்பதே இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம். மருந்துக்கென்று ஒரு சுவை இருந்தால் குவோல் அதைத்தான் நினைவில் வைக்கும், தேரையை அல்ல. தின்றபின் சிறிது நேரம் கழித்தே குமட்டல் வருகிறது. சுவை சார்ந்த வெறுப்புக்கு அந்த இடைவெளி தடையாக இருப்பதில்லை. கெட்டுப்போன மீனைத் தின்று இரவெல்லாம் வாந்தி எடுத்தவருக்கு மறுநாள் அந்த மீன்குழம்பு வாசனையே ஆகாது, அல்லவா? பாலூட்டிகளின் மூளை அப்படித்தான் கணக்குப் போடுகிறது.

மருந்தளவுதான் இந்தப் பொருளில் நாங்கள் கூர்ந்து பார்த்த இடம். 2010-இல் வெளியான முதல் ஆய்வில் இறந்த குட்டித் தேரையில் மருந்தை வைத்துக் கொடுத்தார்கள். அளவு ஒரு கிலோ உடல் எடைக்கு 400 மில்லிகிராம். அது கூண்டில் எடை பார்த்துக் கொடுத்த மருந்து. சாசேஜ் காட்டில் யார் தின்பார்கள் என்று தெரியாமல் வைக்கும் மருந்து. எனவே அந்த இடத்தில் இருக்கும் மிகச் சிறிய முதிர்ந்த குவோலைக் கணக்கில் எடுத்து, 300 கிராம் எடைக்கு 60 மில்லிகிராம், அதாவது கிலோவுக்கு 200 மில்லிகிராம் தாண்டாமல் வைத்தார்கள். பாதுகாப்புப் பார்வையில் இது மிகச் சரி. ஆனால் விளைவைக் கவனியுங்கள். 460 கிராம் எடையுள்ள சராசரிப் பெண் குவோல் ஒரு சாசேஜ் தின்றால் அதற்குக் கிடைப்பது கிலோவுக்குச் சுமார் 130 மில்லிகிராம். 750 கிராம் ஆணுக்கு வெறும் 80. பாதி தின்றுவிட்டுப் போனால் 40. பெரிய விலங்குக்குப் பாடம் மென்மையாகிவிடுகிறது. மாறாக, தாயைப் பிரிந்து முதன்முதலாக இரை தேடப் புறப்படும் 200 கிராம் குட்டிக்கு 300 கிடைக்கும். ஆகவே இந்தச் சாசேஜ் இளசுகளுக்குக் கடுமையான ஆசிரியர், கிழடுகளுக்கு மெத்தனமான ஆசிரியர். அடுத்த ஆண்டு ஈனப்போவது அந்த இளம் பெண்கள்தான் என்பதால், குவோலின் வாழ்க்கைமுறைக்கு இது பொருந்தி வருகிறது என்றே சொல்வோம்.

அந்த வாழ்க்கைமுறையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ளாமல் சாசேஜ் வைப்பவர்கள்தான் தவறான மாதத்தில் வைக்கிறார்கள். வடக்குக் குவோல் ஆண்டுக்கு ஒரே முறைதான் இனம் பெருக்கும். கோடைமழை ஓய்ந்த வறண்ட பருவத்தின் நடுவில், மே முதல் ஜூலைக்குள் இணைசேர்க்கை. அது முடிந்ததும் ஆண்கள் உடல் நலிந்து, முடி கொட்டி, பெரும்பாலும் ஓராண்டு வயதிலேயே செத்துவிடும். பெண் இரண்டு மூன்று ஆண்டு வாழும். அவற்றிலும் பாதிக்குமேல் அத்தனை காலம் வாழாது. ஜூன் முதல் ஆகஸ்டுக்குள் பிறக்கும் குட்டிகள் முதலில் பையில் தொங்கும், பிறகு பாறை இடுக்கில் விடப்படும், நவம்பர், டிசம்பர் வாக்கில் தனியே திரியத் தொடங்கும். மழை தொடங்கி தேரைகள் பெருமளவில் நகர்வதும் அதே மாதங்களில்தான். தேரை என்றால் என்னவென்றே அறியாத புதுத் தலைமுறை வெளியே வருகிற நேரமும் தேரைப்படை நகர்கிற நேரமும் ஒன்றாக மோதுகின்றன.

எனவே சாசேஜுக்கு ஏற்ற சாளரம் மிகக் குறுகியது: குட்டிகள் இரை தேடத் தொடங்கியபின், முதல் பெருமழைக்கு முன். ஜூலையில் வைத்தால் சாகப்போகும் ஆண்களுக்குப் பாடம் எடுத்ததாக முடியும். பிப்ரவரியில் வைத்தால் தேரை ஏற்கெனவே பாடம் எடுத்து முடித்திருக்கும். அதோடு ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் புது மாணவர்கள். சென்ற ஆண்டு வைத்தோமே என்பது இங்கே செல்லாது.

இடமும் அப்படியே. சமவெளிப் புல்லில் வைத்தால் காகத்துக்கும் எறும்புக்கும் விருந்து. குவோல் தங்கும் பாறைப் பிளவு, பள்ளத்தாக்கின் ஓரம், நீர்நிலையை ஒட்டிய கற்குவியல் ஆகியவற்றில், மாலை மங்கியபின் வைத்து, விடியுமுன் எஞ்சியதை எடுத்துவிட வேண்டும். அங்கே வெயில் 40 பாகையைத் தொடும். பகலில் கிடந்த இறைச்சி சில மணி நேரத்தில் புளித்து நாற்றம் மாறிவிடும். பிறகு தின்கிற குவோல் வெறுக்கக் கற்பது அழுகல் வாடையைத்தான். உறைநிலையில் கொண்டுபோய் வைக்குமுன் மட்டும் உருகவிடுவது நல்லது. உருக்கி, மறுபடி உறைய வைத்து, மறுபடி உருக்குவது உறையைக் கிழிக்கும். எறும்பு மொய்த்த சாசேஜைக் குவோல் பெரும்பாலும் தொடாது. தட்டையான பாறைமேல் வைப்பதைவிட எறும்புச் சாரி இல்லாத இடமாகப் பார்த்து வைப்பது முக்கியம். தரையைத் தொட்டுப் பார்த்து இடம் தேர்ந்தெடுக்கத் தெரிந்த பூர்வகுடி ரேஞ்சர்கள் குழுவில் இருந்தால் வீணாகும் சாசேஜ் எண்ணிக்கை கண்கூடாகக் குறையும்.

ஒவ்வொரு வைப்பிடத்துக்கும் எதிரே தானியங்கிக் கேமரா இல்லாவிட்டால் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். காலையில் சாசேஜ் காணோம் என்பதற்கு என்ன பொருள்? குவோல் தின்றிருக்கலாம், பாறை எலி இழுத்துப் போயிருக்கலாம், உடும்போ டிங்கோவோ விழுங்கியிருக்கலாம். நல்லவேளையாக, ஒவ்வொரு குவோலின் முதுகிலும் வெள்ளைப் புள்ளிகளின் அமைப்பு தனித்தனி. நம் கைரேகை போல. கேமராவைப் பக்கவாட்டிலோ மேலிருந்தோ பார்க்கும்படி பொருத்தினால் 'இந்தப் பெண் செவ்வாய் இரவு முழுதாகத் தின்றது, வெள்ளி இரவு மோந்துவிட்டு விலகியது' என்று பெயர் சொல்லாத குறையாகப் படிக்கலாம். இரண்டாம் முறை வைத்துப் பார்ப்பது மிக அவசியம். முதல் இரவு எத்தனை தின்றன என்பது உணவு கொடுத்த கணக்கு. இரண்டாம் முறை எத்தனை மறுத்தன என்பதே கற்பித்த கணக்கு. அறிக்கைகளில் முதல் எண்ணை மட்டும் பெரிதாகப் போடும் வழக்கம் எங்களுக்குக் கவலை தருகிறது.

மூலப்பொருளில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. சாசேஜ் தேவைப்படுவது தேரை இன்னும் வராத ஊரில். தேரை கிடைப்பது வந்துவிட்ட ஊரில். உயிருள்ள தேரையைத் தேரையற்ற பகுதிக்குக் கொண்டுபோவது குற்றம் மட்டுமல்ல, எல்லாவற்றையும் கெடுக்கும் மடத்தனம். எனவே பிடித்த இடத்திலேயே மனிதத்தன்மையோடு கொன்று, உரித்து, உறைய வைத்து, எண்ணி அனுப்ப வேண்டும். 2 கிராமுக்குக் கீழான குட்டிகள் எல்லா மாதமும் கிடைக்காது. தேரை முட்டையிட்டு, தலைப்பிரட்டை உருமாறும் வாரங்களில் சேகரித்து இருப்பு வைக்க வேண்டும். காகித வேலையும் குறைவில்லை: அருகிய இனத்துக்கு மருந்து கலந்த இரை வைப்பதால் வனவிலங்கு உரிமம், விலங்கு நல நெறிக்குழு ஒப்புதல், நிலத்தின் பாரம்பரிய உரிமையாளரின் சம்மதம் மூன்றையும் பருவம் தொடங்குமுன்பே வாங்கிவிட வேண்டும். அக்டோபரில் விண்ணப்பித்து நவம்பரில் வைக்க நினைப்பது நடக்காது.

சரி, வேலை செய்கிறதா?

2010 ஆய்வில் டார்வினுக்கு அருகிலுள்ள டெரிட்டரி வனவிலங்குப் பூங்காவில் வளர்ந்த 62 இளம் குவோல்களில் பாதிக்கு மருந்துத் தேரை கொடுத்து, பாதிக்குக் கொடுக்காமல், ரேடியோ கழுத்துப்பட்டை மாட்டிக் காட்டில் விட்டார்கள். பாடம் கற்காதவை சில உடனே தேரையைத் தாக்கிச் செத்தன. கற்றவை அவற்றைவிட நீண்டநாள் பிழைத்தன. சிட்னி பல்கலைக்கழகத்தின் ஸ்டெஃபனி ஓ'டானல், ஜோனதன் வெப், ரிக் ஷைன் ஆகியோர் செய்த இந்தச் சோதனைதான் எல்லாவற்றுக்கும் அடித்தளம். அதைவிட எங்களுக்கு நம்பிக்கை தந்தது 2017-இல் வந்த மரபணு ஆய்வு. ககாடுவில் விடப்பட்ட கற்ற பெண்களின் குட்டிகளும் பேரக்குட்டிகளும் தேரைகள் நடுவே உயிரோடு இருந்ததை அது காட்டியது. ஒரு தலைமுறைக்குக் கற்பித்தது வீணாகவில்லை.

சாசேஜ் வடிவத்தைத் தனியே சோதித்தவர் நவோமி இண்டிகோவும் அவர் குழுவும். முடிவு 2018-இல் வந்தது. கூண்டில் சாசேஜ் தின்ற குவோல்கள் இறந்த பெரிய தேரையிடம் காட்டிய ஆர்வம் குறைந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவின் வடபகுதியான கிம்பர்லியின் மார்னிங்டன் காப்பகத்தில் காட்டுக் குவோல்களும் தின்றன. தின்றபின் மறுபடி வைத்தபோது அவற்றில் பல ஒதுங்கின. ஆனால் எல்லாக் குவோலும் தின்னவில்லை. இலவச உணவைக் கண்டால் பாயும் துணிச்சலான விலங்குக்கும் தயங்கும் விலங்குக்கும் ஒரே கல்வி கிடைப்பதில்லை. தயங்கும் விலங்குக்காக ஒரே பாறையில் தொடர்ந்து சில இரவுகள் வைப்பது உதவும். முதலில் மருந்தில்லாத சாதாரண இறைச்சி வைத்துப் பழக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அது நல்ல யோசனை அல்ல. உறையும் இறைச்சியும் பாதுகாப்பானவை என்று விலங்கு முதலில் கற்றுவிட்டால் பின்னால் வரும் குமட்டல் வலுவிழக்கும். இது சுவைவெறுப்பு ஆய்வுகளில் நெடுநாளாக அறியப்பட்ட விதி.

இனி, எங்கே உடைகிறது என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 2003-இல் ககாடுவில் அழிவு தெரிந்ததும் 64 குவோல்களைப் பிடித்து, ஆர்ன்ஹெம் நிலத்துக்கு அப்பால் தேரை எட்டாத ஆஸ்டெல், போபாசூ என்ற இரு தீவுகளில் விட்டார்கள். அங்கே அவை ஆயிரக்கணக்கில் பெருகின. பின்னர் ஆஸ்டெல் குவோல்களுக்குத் தேரைப் பாடம் கற்பித்துத் தெற்குக் ககாடுவில் விட்டபோது, தேரை அவற்றைக் கொல்லவில்லை, டிங்கோ கொன்றது. 13 தலைமுறை வேட்டையாடியே இல்லாத தீவில் வாழ்ந்ததில் டிங்கோ வாடைக்கும் பூனை வாடைக்கும் அஞ்சும் குணத்தையே அவை இழந்துவிட்டிருந்தன. தேரைப் பாடம் சரியாகச் சொல்லப்பட்டுத்தான் இருந்தது. தேர்வில் வேறு கேள்வி வந்தது. தீவிலிருந்து கொண்டுவந்த விலங்குக்கு இந்தப் பொருளைப் பயன்படுத்துவதானால் டிங்கோ, பூனை பற்றிய ஏற்பாடும் சேர்த்தே இருக்க வேண்டும் என்பதை எல்லாரும் இந்த நிகழ்விலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். நிலப்பரப்பிலேயே பிறந்து, வேட்டையாடிகளோடு வாழ்ந்த கூட்டத்துக்கு, தேரை வருமுன் வைப்பதே இதன் சிறந்த பயன்பாடு.

மாற்றுப் பொருள்களும் உண்டு. உடும்புகளுக்கு 'ஆசிரியத் தேரை' முறை: படை வருமுன் அதே இடத்தில் தேரை முட்டை, தலைப்பிரட்டை, சிறு குட்டிகளை விட்டு, கொல்லாத அளவு நஞ்சால் கற்பிப்பது. படையெடுப்பின் முன்வரிசையில் வருபவை பெரிய தேரைகள். முதல் சந்திப்பே சாவாகிறது. சிறியதை முதலில் சந்திக்க வைப்பதே இதன் சூட்சுமம். கிம்பர்லியில் இது உடும்புகளுக்கு நல்ல பலன் தந்தது. நன்னீர் முதலைகளுக்கு, நஞ்சுப் பகுதியை நீக்கிய தேரை உடலில் குமட்டல் தரும் லித்தியம் குளோரைடு ஏற்றித் தொங்கவிட்டார்கள். புனுபா பூர்வகுடி ரேஞ்சர்களோடு சேர்ந்து செய்த அந்த வேலையின் முடிவு 2024-இல் வெளியாயிற்று, முதலைச் சாவு பெருமளவு குறைந்தது. குவோலைப் பொறுத்தவரை உயிர்த்தேரை விடுவதைவிடச் சாசேஜே மேல் என்பது எங்கள் கருத்து: மருந்தளவு நம் கையில் இருக்கிறது, வைத்ததைத் திரும்ப எடுக்கவும் முடிகிறது. தேரையைத் தின்னாத குணத்தை மரபிலேயே கொண்ட குயின்ஸ்லாந்து குவோல்களைப் பிற கூட்டங்களோடு கலக்கும் யோசனை நீண்டகாலத் தீர்வாகலாம். அடுத்த நவம்பருக்கு அது கைகொடுக்காது.

அடுத்த களம் பில்பாரா. மேற்கு ஆஸ்திரேலியாவின் இரும்புத்தாது நிலம். அங்குள்ள குவோல்கள் மரபளவில் தனிப்பட்டவை. தேரை இன்னும் அங்கே சேரவில்லை. கிம்பர்லிக்கும் பில்பாராவுக்கும் நடுவே கடற்கரையை ஒட்டிய வறண்ட நிலத்தில் கால்நடைக் குடிநீர்த் தொட்டிகளைத் தேரை புகமுடியாதபடி மாற்றினால் படை அங்கேயே நின்றுவிடும் என்ற திட்டம் பேசப்படுகிறது. அது வெற்றிபெற மனமார விரும்புகிறோம். ஆனாலும் சாசேஜ் இருப்பை இப்போதே தயாராக வைக்க வேண்டும். சட்டம் உண்மையில் கைகொடுக்கக்கூடிய இடமும் இதுவே. சுரங்கமும் ரயில்பாதையும் குவோல் வாழிடத்தைத் தின்னும்போது ஒப்புதல் நிபந்தனையாக ஈட்டுத்தொகை வாங்கப்படுகிறது. பில்பாராவில் குவோல் ஆய்வுக்கு அந்தப் பணம் முன்பே பயன்பட்டிருக்கிறது. இதில் ஒரு பங்கை, கேமராவில் புள்ளி பார்த்துக் கூட்டங்களை இப்போதே பதிவு செய்யவும், ரேஞ்சர் குழுக்களுக்குச் சாசேஜ் தயாரிப்பும் வைப்பும் கற்றுக்கொடுக்கவும் ஒதுக்க ஒப்புதல் நிபந்தனையிலேயே எழுதலாம். தேரை வந்த ஆண்டில் பயிற்சி தொடங்கினால் இரண்டு மழைப்பருவம் கைநழுவும். அதற்குள் அந்தப் பாறைகளில் பாடம் கேட்க யாரும் இருக்க மாட்டார்கள்.

பயன்படுத்தப் போகிறவர்களுக்கு: தேரை முன்வரிசை 100 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும்போதே, அதாவது இரண்டு ஆண்டு முன்னதாக, முதல் சுற்றை வையுங்கள். அக்டோபர் கடைசியில் கேமரா பொருத்துங்கள், நவம்பரில் சாசேஜ் வையுங்கள், இரண்டு வாரம் கழித்து மறுபடி வைத்து மறுப்பைப் பாருங்கள். மறுப்பு பாதிக்கும் கீழ் இருந்தால் இடத்தை மாற்றி, மழைக்குமுன் இன்னொரு சுற்று வையுங்கள். 2 கிராமுக்கு மேற்பட்ட தேரை உள்ளே போன சாசேஜ் ஒன்றுகூட முகாமை விட்டு வெளியே போகக்கூடாது.